பொய்ச்சினையும் கருத்தடையும்: பெண் முயல் வளர்ப்போர் கேட்கும் கேள்விகள்

செல்லமாக வளர்க்கும் பெண் முயல் ஒருநாள் திடீரென்று தன் முடியையே பிய்த்துக் கூடு கட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் எழும் கேள்விகளும், அங்கிருந்து கருத்தடை அறுவை சிகிச்சை வரை நீளும் கேள்விகளும் இங்கே. கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிற விஷயங்களை மருத்துவரிடம் விட்டிருக்கிறேன்.

எங்கள் முயல் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலைகிறது, வயிற்று முடியைப் பிய்க்கிறது. என்ன ஆயிற்று அதற்கு?

பெரும்பாலும் பொய்ச்சினைதான். வயிற்றில் குட்டி இல்லை. ஆனால் உடம்பு குட்டி இருப்பதாகவே எண்ணி, பிரசவத்துக்கு முந்தைய வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறது.

பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். நீளமான புல்லாகப் பார்த்துப் பொறுக்கி, குறுக்காகக் கவ்விக்கொண்டு, முறுக்கு மீசை வைத்த மாதிரி வீடு முழுக்க நடக்கும். ஒரு மூலையில் கொட்டி, முன்னங்காலால் தள்ளி, மோவாயால் அமுக்கும். பிடிக்கவில்லையென்றால் அத்தனையையும் மறுபடி கவ்விக்கொண்டு வேறு மூலைக்குப் போகும். அப்புறம் முடி. மோவாய்க்குக் கீழே தொங்கும் சதை மடிப்பு, நெஞ்சு, வயிறு, விலா என்று வாய் வாயாகப் பிய்த்துப் புல்லின் மேல் பரப்பும். பிய்த்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோலும் காம்புகளும் வெளியே தெரியும்.

வலிக்குமோ என்று பதற வேண்டாம். இந்தச் சமயத்தில் ஹார்மோன் மாற்றத்தால் முடியின் பிடி தளர்ந்திருக்கும், சுலபமாக வந்துவிடும். தோல் வழவழப்பாக, புண் இல்லாமல் இருந்தால் சரி. செதில், சிரங்கு, சொறிந்த காயம் இருந்தால் அது கூடு கட்டும் வேலை இல்லை, தோல் நோய். அதற்கு வேறு வைத்தியம்.

வீட்டில் ஆண் முயலே கிடையாது. எப்படி இது?

இதுதான் எல்லோரையும் குழப்புவது. நாய்க்கு இருப்பதுபோல் குறிப்பிட்ட கால இடைவெளியில் தானாகச் சினைமுட்டை வெளியாகும் வழக்கம் முயலுக்கு இல்லை. பெண் முயல் ஏறக்குறைய எப்போதும் தயார் நிலையில் இருக்கும். இணை சேரும் தூண்டுதல் கிடைத்த பிறகுதான், சுமார் 10 முதல் 13 மணி நேரத்துக்குள், முட்டை வெளியாகும். காட்டில் எப்போது ஆண் வரும் என்று தெரியாத உயிருக்கு இது நல்ல ஏற்பாடு. வீட்டில் வளரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அந்தத் தூண்டுதல் ஆண் முயலிடமிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. இன்னொரு பெண் முயல் மேலே ஏறினால் போதும். கருத்தடை செய்த ஆண் ஏறினாலும் போதும். பக்கத்துக் கூண்டில் ஆண் இருப்பதும், சில முயல்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் அழுத்தித் தடவுவதும்கூடப் போதும். என்ன காரணம் என்றே பிடிபடாத முயல்களும் உண்டு.

முட்டை வெளியானதும் சினைப்பையில் அந்த இடத்தில் உருவாகும் திசு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். கரு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சுரந்துகொண்டே இருக்கும். பிறகு கருப்பை, "இங்கே யாரும் இல்லை" என்று சொல்வதைப்போல ஒரு வேதிப்பொருளை அனுப்ப, அந்தத் திசு சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரான் சரிய, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். முடி பிய்ப்பதும் கூடு கட்டுவதும் அந்தத் திருப்பத்தில்தான்.

முயலின் இந்தக் குணத்தை வைத்து ஒருகாலத்தில் மனிதர்களுக்கே கர்ப்பப் பரிசோதனை நடந்தது. 1931இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃப்ரீட்மன் கொண்டுவந்த முறை அது: பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தி, இரண்டு நாள் கழித்து முயலின் சினைப்பையைப் பார்ப்பார்கள். தனியாக இருக்கும் முயலுக்குத் தானாக முட்டை வெளியாகாது என்பதால், மாற்றம் தெரிந்தால் அந்தப் பெண் கர்ப்பம் என்று முடிவு. பார்ப்பதற்காக முயலைக் கொன்றார்கள் என்பது அதன் துயரமான பக்கம்.

எத்தனை நாள் நீடிக்கும்?

மொத்தம் 16 முதல் 18 நாள். உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கட்டம் மட்டும்தான். கூடு கட்டும் மும்முரம் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும், பெரும்பாலும் மருந்து எதுவும் தேவைப்படாது.

நிஜமாகவே சினையாக இருந்தால்? வித்தியாசம் எப்படித் தெரியும்?

வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. கூடு, முடி, மடி வீக்கம், கோபம் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. நாள்கணக்குதான் உதவும்: உண்மைச் சினை 30 முதல் 32 நாள், கூடு கட்டுவது அதன் கடைசியில். ஆணுடன் பழகி இரண்டரை வாரத்தில் முடி பிய்த்தால் பொய்ச்சினைக்கே வாய்ப்பு அதிகம்.

ஆனால் எப்போது பழகியது என்றே தெரியாத வீடுகள்தான் அதிகம். கடையிலிருந்தோ மற்றவர் வீட்டிலிருந்தோ வந்த முயல் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். "இரண்டும் பெண்" என்று கொடுத்த ஜோடியில் ஒன்று ஆணாக இருப்பதும் சர்வசாதாரணம். சின்னக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். ஆணின் விரை வெளியே தெரிய பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். ஆணும் பெண்ணுமான உடன்பிறப்புகள் மூன்றரை, நான்கு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். அதனால் முதல் வேலை, கூட இருக்கும் முயலை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது.

பழக்கப்பட்ட கை பத்தாவது நாளுக்கு மேல் வயிற்றைத் தொட்டுக் கருவைக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் முயல வேண்டாம், அழுத்தினால் கருவுக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. மருத்துவர் ஸ்கேன் செய்தால் சந்தேகமே இருக்காது. அதுவரை சினை என்றே வைத்துக்கொண்டு, கூட்டை அப்படியே விட்டு, ஆணை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முயல் குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். "பிரசவம் ஆனதும் பிரித்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

கட்டிய கூட்டைக் கலைக்கலாமா? வீடெல்லாம் முடி.

கலைக்காதீர்கள். கலைத்தால் முதலிலிருந்து கட்டும், மிச்சமிருக்கும் முடியையும் பிய்த்துக்கொள்ளும். தாராளமாக உலர்புல் கொடுத்து விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதுவே கூட்டைச் சட்டை செய்யாமல் போகும், சில முயல்கள் கூட்டைத் தின்றும் விடும். அப்போது எடுத்துப் போடலாம். இடையில் சிறுநீர் பட்டு நனைந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

முடியை நிறைய விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வழி புல்தான். நார் நிறைய உள்ளே போனால் குடல் ஓட்டத்தில் முடியும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

நல்ல சாது முயல். இப்போது கையை நீட்டினால் உறுமிக்கொண்டு பாய்கிறது.

இல்லாத குட்டியைக் காக்கிறது. திட்டுவதாலோ மூக்கில் தட்டுவதாலோ பயனில்லை, நம்பிக்கைதான் போகும். கூட்டுப் பக்கம் கை நீட்டாமல், சாப்பாட்டை வேறு மூலையில் வைத்து, அது வெளியே வந்த பிறகு சுத்தம் செய்யுங்கள். கூட இருக்கும் முயலைக் கடித்துத் துரத்தினால் சில நாள் வலைத் தடுப்பு போட்டுப் பிரித்து வையுங்கள்; முழுக்க வேறு அறைக்கு மாற்றினால் பிறகு சேர்த்து வைப்பது பெரும்பாடு.

மடி பெருத்திருக்கிறது, காம்பில் பால்கூட வருகிறது. கறந்து விடலாமா?

வேண்டாம். கறந்தால் இன்னும் சுரக்கும். முயலுக்குப் பொதுவாக எட்டு முதல் பத்து காம்பு. இலேசாகப் பெருத்து, மெத்தென்று இருப்பது பொய்ச்சினையில் இயல்பு. குடிக்கக் குட்டி இல்லாததால் சில நாளில் வற்றிவிடும். தினமும் ஒருமுறை, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மல்லாக்கப் போட்டு மிரட்ட வேண்டாம்.

ஒரு பகுதி மட்டும் கட்டியாகி, சுட்டு, சிவந்து அல்லது நீலம் பாய்ந்து, தொட்டால் துள்ளினால் அது மடிநோய். கிருமி உள்ளே புகுந்துவிட்டது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், தள்ளிப்போட்டால் இரத்தத்தில் நஞ்சேறி உயிருக்கே ஆபத்து. அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் வகை பெருகி, முயல் செத்துவிடும். நாய்க்கு வாங்கி வைத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் விபரீதத்தில் முடிகிறது.

பால் குறையட்டும் என்று தீனியைக் குறைக்கலாமா?

அரிசிமணி மாதிரி அழுத்திய தீனியைச் சில நாள் குறைக்கலாம். புல்லைக் குறைக்கவே கூடாது. முயலைப் பட்டினி போடுவது எந்த நிலையிலும் வைத்தியம் ஆகாது.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறென்ன?

பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, புழுக்கை போடாமல் இருப்பது அல்லது மிளகளவு சிறுத்துப் போவது, கூனிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது. பிறப்புறுப்பிலிருந்து இரத்தமோ சீழோ வந்தால் நேரம் காலம் பார்க்காமல் உடனே போங்கள். இருபது நாள் தாண்டியும் அடங்காவிட்டாலும் காட்டுங்கள்.

ஒரு முறை குட்டி போட விட்டால் இந்தத் தொல்லை போய்விடும் என்கிறார்களே?

போகாது. குட்டி போட்ட முயலுக்கும் பொய்ச்சினை வரும். கூடவே நான்கு, ஆறு, பத்துக் குட்டிகளுக்கு வீடு தேடும் வேலையும் வரும்.

அடிக்கடி வருகிறது. தடவுவதையே நிறுத்திவிடவா?

தலையையும் கன்னத்தையும் தடவுங்கள், பெரும்பாலான முயல்களுக்குப் பிடித்ததும் அதுதான். பிட்டத்தைத் தூக்கிக் கொடுத்து அசையாமல் நின்றால், அங்கே தடவுவதை விட்டுவிடுங்கள். ஏறும் துணையைப் பிரித்து வைத்தாலும் இடைவெளி கூடும். ஆனால் இவை எல்லாம் தள்ளிப்போடும் வழிகள். திரும்பத் திரும்ப வரும் முயலுக்கு ஒவ்வொரு தடவையும் மடி வீங்கி வற்றுகிறது, சாப்பாடு குறைகிறது, கூட இருக்கும் முயலோடு உறவு முறிகிறது. நிலையான வழி சினைப்பையை எடுப்பது ஒன்றுதான்.

பதினெட்டு நாள் தொல்லைக்காக அறுவை சிகிச்சையா?

அதற்காக மட்டும் என்றால் நானும் யோசிப்பேன். எப்போதோ ஒருமுறை வரும் பொய்ச்சினை முயலைக் கொல்லாது. கருத்தடைக்கு உண்மையான காரணம் கருப்பைப் புற்றுநோய். பொய்ச்சினை, அந்தக் கருப்பையும் சினைப்பையும் முழு வேலையில் இருக்கின்றன என்று நமக்கு நினைவுபடுத்துகிறது, அவ்வளவே.

கருப்பையின் உட்சுவரில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்று, பெண் முயல்களுக்கு மிக அதிகமாக வரும் கட்டி. வயதோடு ஏறும், மூன்று, நான்கு வயதுக்கு மேல் கணிசமாகும். "80 சதவீதம் வரும்" என்று எங்கும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆய்வுக்காக வளர்த்த சில முயல் கூட்டங்களில், வயதான பெண் முயல்களில் கண்ட அளவு. இனத்துக்கு இனம் மாறும். உங்கள் வீட்டு முயலுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வது நேர்மையில்லை. ஆனால் அந்த எண்ணில் பாதியை வைத்துக்கொண்டாலும், எட்டுப் பத்து வருடம் வாழக்கூடிய பிராணிக்கு அது சின்ன ஆபத்து இல்லை. மெதுவாக வளர்ந்து நுரையீரலுக்குப் பரவும். பரவிய பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. பரவும் முன் கருப்பையை எடுத்தால் முயல் பிழைத்துக்கொள்ளும். இளமையிலேயே எடுத்தால் அந்தக் கவலையே இல்லை. கருப்பையில் நீர் கோர்ப்பது, சீழ் பிடிப்பது, உட்சுவர் தடித்து இரத்தம் கசிவது என்று புற்று அல்லாத கோளாறுகளும் கூடவே போய்விடும்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. இது அந்தப் புற்றா?

அவசரப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். முயலின் சிறுநீர் வெளிர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை இயல்பாகவே மாறும். தின்ற இலைதழையின் நிறமிகள் காரணம். அப்படி மாறும்போது மொத்தச் சிறுநீரும் ஒரே நிறமாக இருக்கும். சாதாரண நிறச் சிறுநீரின் நடுவிலோ கடைசியிலோ சிவப்புக் கோடு, திட்டு, உறைந்த துண்டு தெரிந்தால் அது இரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெண் முயலில் அந்த இரத்தம் பெரும்பாலும் கருப்பையிலிருந்து வந்து சிறுநீரோடு கலப்பது. கருப்பைப் புற்று முதன்முதலில் வெளியே காட்டும் அடையாளமும் அதுவே. ஒரு வெள்ளைத் துணியில் பிடித்து எடுத்துப் போங்கள். சோதனைத் தாளில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கருத்தடை செய்யாத, மூன்று வயது தாண்டிய முயலில் ஒருமுறை பார்த்தாலும் காட்ட வேண்டும். விட்டு விட்டு வருவதால் "நின்றுவிட்டது" என்று இருந்துவிடுகிறார்கள்.

எந்த வயதில் செய்வது நல்லது?

நான்கு முதல் ஆறு மாதம் வரை வளர்ந்ததும், பெரிய இனமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்து. அதற்கும் முன்னால் கருப்பை நூல் மாதிரி இருக்கும், தேடுவதே கஷ்டம். ஒரு வயது தாண்டினால் கருப்பையைத் தாங்கும் சவ்வில் கொழுப்பு சேர்ந்துவிடும். இரத்தக் குழாய்கள் அதற்குள் மறைந்துகொள்வதால் அறுவை நேரம் நீளும். செய்ய முடியாது என்றில்லை.

ஐந்து வயது முயலுக்கு?

செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் முதலில் இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். நெஞ்சில் ஏற்கெனவே பரவியிருந்தால் வயிற்றைத் திறந்து பயனில்லை. பல், சிறுநீரகம், எடை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு எடுக்க வேண்டும்.

பொய்ச்சினையில் இருக்கும்போதே செய்துவிடலாமா?

அவசரம் இல்லையென்றால் காத்திருப்பது நல்லது. அந்தச் சமயத்தில் கருப்பைக்கும் மடிக்கும் இரத்த ஓட்டம் கூடியிருக்கும், பெருத்த மடியின் ஓரத்தில் கீறித் தையல் போடுவதும் சௌகரியமில்லை. சினைப்பையை எடுத்தவுடன் புரோஜெஸ்டிரான் சட்டென்று விழுவதால் பால் சுரப்பு கொஞ்ச நாள் நீடிக்கவும் கூடும். கூடு கட்டி முடித்து, மடி வற்றி, முடி முளைக்கத் தொடங்கியதும் நாள் குறியுங்கள். கருப்பையில் சீழ், இரத்தப்போக்கு என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை.

மயக்க மருந்தில் முயல் செத்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயத்துக்கு அடிப்படை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்கம் கொடுத்த முயல்களில் 1.39 சதவீதம் இறந்தன. நாயில் 0.17, பூனையில் 0.24. நோய் எதுவும் இல்லாத முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.73. ஆக, ஆரோக்கியமான இளம் முயலுக்கே நாய், பூனையைவிட ஆபத்து அதிகம்தான்.

ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொரு செய்தி இருக்கிறது: முயல் இறப்புகளில் பாதிக்கு மேல் அறுவை மேசையில் நடக்கவில்லை, விழித்த பிறகு நடந்தவை. குளிர், வலி, சாப்பிடாமை, கவனிக்க ஆள் இல்லாமை. இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அதனால்தான் எங்கே செய்கிறீர்கள் என்பது, செய்வதா வேண்டாமா என்பதைவிடப் பெரிய கேள்வி. முயலை அடிக்கடி அறுவை செய்து பழகாத இடத்தில் அவசரமாகச் செய்வதைவிட, பழகியவர் கிடைக்கும்வரை சில மாதம் பொறுப்பது மேல் என்பது என் கருத்து.

மருத்துவரிடம் என்ன கேட்டால் அனுபவம் தெரியும்?

"முந்தின இரவிலிருந்து பட்டினி போடணுமா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. நாய், பூனையைப் பட்டினி போடும் காரணம் அதற்குப் பொருந்தாது. வெறும் வயிறு குடலை நிறுத்திவிடும் என்பதால் அறுவைக்குச் சற்று முன்பு வரை புல்லும் நீரும் இருக்க வேண்டும்.

மாதத்தில் எத்தனை முயலுக்குச் செய்கிறார்கள், மயக்கத்தின்போது மூச்சையும் உடல் சூட்டையும் கவனிக்கத் தனி ஆள் உண்டா, வீட்டுக்கு வலி மருந்து கொடுத்து அனுப்புவார்களா, முயல் தின்பதைப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்பதால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என்னதான் எடுக்கிறார்கள்?

வழக்கமாகச் சினைப்பை இரண்டையும் கருப்பையையும். முயலின் கருப்பை ஒரே பை அல்ல; இரண்டு தனித்தனிக் குழல்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வாய். இளம் முயலில் சில மருத்துவர்கள் சினைப்பையை மட்டும் எடுப்பதும் உண்டு. ஹார்மோன் நின்றுபோவதால் அதுவும் பலன் தரும். கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டால் பொய்ச்சினை தொடரும், இன்னும் நீளவும் செய்யும், ஏனென்றால் முன்பு சொன்ன அந்த "யாரும் இல்லை" செய்தியை அனுப்பும் கருப்பையே இருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது?

முதல் ஒன்றரை நாள்தான் முக்கியம். அன்றைக்கும் மறுநாளுக்கும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தரையோடு தரையாக, ஏறிக் குதிக்க எதுவும் இல்லாத சின்ன இடம். மரத்தூள் வேண்டாம், தையலில் ஒட்டும்; சுத்தமான துண்டு விரியுங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், விலகிப் போக இடம் விட்டு.

அப்புறம் சாப்பாடு. அதற்கு எது உயிரோ அதை வையுங்கள், கொத்துமல்லியோ துளசியோ. முகர்ந்து பார்த்து ஒரு இலையைக் கடித்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. மாலைக்குள் எதையும் தொடவில்லையென்றால், மருத்துவர் தந்த நார்ச்சத்துப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. நேராகத் தொண்டையில் அடித்தால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

புழுக்கையை எண்ணுங்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் குடல் ஓடுகிறதா என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. முதலில் சிறியதாக, ஒழுங்கில்லாமல் வரும். போகப் போகப் பெரிதாகும். ஒரு நாள் முழுக்க ஒன்றுகூட இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வலியை முயல் மறைக்கும். கண் பாதி மூடி, வயிற்றைத் தரையில் அழுத்தி, பல்லைச் சத்தமாக நறநறவென்று கடித்தால் வலி. தடவும்போது வரும் மெல்லிய பல் அசைவு வேறு, அது சுகம். எழுதிக் கொடுத்த மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்தை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று இடையில் நிறுத்தாதீர்கள்; வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் நிற்கும்.

தையலைத் தினம் இரண்டு வேளை பாருங்கள். இலேசான வீக்கம் இயல்பு. கசிவு, நாற்றம், பிளவு இயல்பில்லை. பத்துப் பதினான்கு நாளில் ஆறிவிடும்.

கழுத்தில் புனல் மாட்டலாமா?

முடிந்தவரை வேண்டாம். ஆசனவாயிலிருந்து நேரடியாகத் தின்னும் மென்புழுக்கை முயலின் உணவில் ஒரு பங்கு. புனல் போட்டால் அதை எட்ட முடியாது, மிரண்டு சாப்பாட்டையும் நிறுத்திவிடும். உள்தையல் போடச் சொன்னால் கடிக்கும் பிரச்சினை பெரும்பாலும் வராது.

ஆணுக்குக் கருத்தடை செய்தால் போதாதா? சின்ன அறுவைதானே.

குட்டி வராமல் இருக்க அது போதும், நான்கு முதல் ஆறு வாரம் பிரித்து வைத்த பிறகு. அதுவரை மிச்ச விந்து இருக்கும். ஆனால் பெண்ணுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. அந்த ஆண் ஏறினால் பொய்ச்சினை வரும், கருப்பைப் புற்றும் அதன் பாட்டில் வரும்.

அறுவைக்குப் பதில் ஊசி, மருந்து எதுவும் இல்லையா?

தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் வில்லையைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மயக்க மருந்தைத் தாங்காத முயலுக்கு யோசிக்கலாம். பலன் சில மாதம்தான், மறுபடி வைக்க வேண்டும். முதலில் சினைப்பையைத் தூண்டிவிட்டுப் பிறகுதான் அடக்கும் என்பதால், வைத்த புதிதில் ஒரு பொய்ச்சினையே வரலாம்.

கருத்தடைக்குப் பிறகு குணம் மாறிவிடுமா?

கூண்டைக் காப்பது, உறுமுவது, கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பது எல்லாம் சில வாரத்தில் குறையும். துறுதுறுப்பும் பிடிவாதமும் அப்படியே இருக்கும். மற்ற முயல் மேல் ஏறுவதும் முழுக்கப் போகாது, அது யார் பெரியவர் என்ற தகராறு. எடை மட்டும் ஏறப் பார்க்கும், அழுத்திய தீனியைக் கணக்காகக் கொடுங்கள்.

கருத்தடை செய்து ஒரு மாதமாகிறது. மறுபடி கூடு கட்டுகிறதே?

முதல் சில வாரத்தில் ஒருமுறை கட்டினால் அது பழைய ஹார்மோன் வடியும் வேலை, விட்டுவிடுங்கள். மாதங்கள் கழிந்தும் முடி பிய்த்து, மடி பெருத்தால் சினைப்பைத் திசு ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். அபூர்வம், ஆனால் நடக்கும். எந்தெந்தத் தேதியில் கூடு கட்டியது, எத்தனை நாள் நீடித்தது என்று குறித்து வைத்து, மடியைப் படம் எடுத்துக்கொண்டு, அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். ஸ்கேனும் ஹார்மோன் பரிசோதனையும் செய்து மறுபடி திறக்க வேண்டுமா என்று அவர் சொல்வார்.